ஒரு நாற்காலி தள்ளி

எல்லாம் நார்மல். டாக்டர்தான் பிரிக்க வேண்டும் என்று லேபில் கவரை ஒட்டிக் கொடுத்தார்கள்; மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் நகத்தால் நெம்பிப் பார்த்துவிட்டேன். கான்வென்ட்டில் அத்தனை வருஷம் இங்கிலீஷ் படித்ததற்கு இது ஒரு பலன், என் ரத்தத்தைப் பற்றி எழுதியிருப்பதை எனக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டாம். இரும்பு இருக்கிறது. சர்க்கரை அளவோடு இருக்கிறது. தைராய்டு, ஈரல், கிட்னி எல்லாம் வரிசையில் கைகட்டி நிற்கிற நல்ல பிள்ளைகள். இந்த உடம்பில் அடங்காமல் திரிவது நான் ஒருத்திதான் போலிருக்கிறது. நார்மல் என்று பார்த்தால் மனுஷிக்குச் சந்தோஷம் வர வேண்டும், எனக்கு வரவில்லை. ஏனென்றால் போன தடவை டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே சொல்லிவிட்டார், "இதுலயும் ஒண்ணும் வரலேன்னா மனசு சம்பந்தப்பட்டதுதாம்மா, எனக்குத் தெரிஞ்ச சைக்யாட்ரிஸ்ட் ஒருத்தர் இருக்கார், எழுதித் தரேன்" என்று. அதாவது இன்றைக்கு. அதாவது இந்தக் கவரைப் பிரித்த கையோடு. இந்தத் தில்லைநகரில் தெருவுக்குத் தெரு ஆஸ்பத்திரி, மாடிக்கு மாடி ஸ்கேன், இத்தனை பேருக்கும் என்னவென்று தெரியாவிட்டால் அது மனசு. மனசு என்று ஒரு பெரிய குப்பைத்தொட்டி வைத்திருக்கிறார்கள், பெண்களுக்கு வருகிற பெயர் தெரியாத எல்லாவற்றையும் அதில் போட்டு மூடிவிடலாம். எனக்கு மனக்கவலை இல்லை என்று நான் சொல்லவில்லை. மனக்கவலை இல்லாத பெண்பிள்ளை ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், நானே கட்டணம் கட்டிப் பார்க்கிறேன். ஆனால் கவலை மனுஷியைத் தூங்கவிடாமல் அடிக்கும், நான் பார்த்திருக்கிறேன். எனக்கு எதற்கு அது தலைகீழாக வந்து, பருப்பு வேகிற நேரத்தில் அடுப்படி மேடையிலேயே நெற்றியை வைத்துத் தூங்கச் சொல்கிறது?

நாலு மணிக்கு வருவார் என்று போர்டில் எழுதியிருக்கிறது. நாலு என்பது டாக்டருடைய நாலு. மூன்று மூன்றாகச் சேர்த்து அடித்த இரும்பு நாற்காலிகள், ஒருத்தர் காலை ஆட்டினால் மூன்று பேருக்கும் ஆடும். நடுவில் நான், இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் மடியில் தூக்குச்சட்டியோடு ஒரு பெண், பார்த்தால் லால்குடிப் பக்கம் மாதிரி, வந்ததும் "டோக்கன் போட்டாச்சாக்கா" என்று கேட்டாள், அதற்கு மேல் பேச்சுக் கொடுப்பாளோ என்று நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீருக்குக் கீழே ஒரு வாளி. டிவி சத்தமில்லாமல் ஓடுகிறது, சீரியல் மாமியார் ஒருத்தி கையை நீட்டி நீட்டி வாயைத் திறந்து மூடுகிறாள், ஒரு சொல் வெளியே வரவில்லை, எல்லா மாமியாருக்கும் இப்படி ஒரு பொத்தான் வைத்துப் படைத்திருக்கலாம். இவர் பேப்பர் படிக்கிறார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், மின்வாரியத்தில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற தண்டபாணி. காலையில் ஒரு தரம் படித்த அதே பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார், என்னோடு பேச வேண்டியிருக்குமோ என்ற பயம்தான். ஊருக்கெல்லாம் மின்சாரம் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்தவர். என்னிடமிருந்து எல்லாம் எங்கே ஒழுகிப் போகிறது என்று கேட்டால் "சாப்பாட்டக் குறை" என்கிறார். ராத்திரி ஒரு தோசை தின்கிறேன். அதையும் பாதியாக்கினால் சட்டினியை என்ன செய்வது?

ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். உறையூரில் இருக்கிற என் நாத்தனார் கோமளத்துக்கு முதலில் திருஷ்டி. அப்புறம் தூங்குகிற திசை. வடக்கே தலை வைக்கிறேனாம். தெற்கே மாற்றிப் படுத்தேன், தெற்கேயும் தூக்கம் வந்தது. கடைசியில் உள்ளே இருந்ததைச் சொல்லிவிட்டாள்: "அண்ணி, வெளக்கேத்துற நேரத்துல பொம்பள படுத்தா வீட்டுக்கு ஆகுமா? கொஞ்சம் மனசுக்கட்டுப்பாடு வேணும் அண்ணி." மனசுக்கட்டுப்பாடு! தன் வீட்டில் குக்கர் விசிலை எண்ண ஆள் வைத்திருக்கிறவள். மாடி வீட்டம்மா மாதவிலக்கு நிற்கிற வயது என்றாள், அவளுக்கு எல்லாமே அதுதான், என் வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் அதுதான். புனேயிலிருந்து மகள் தாரிணி போனில் "ம்மா, போனப் பாத்துட்டே படுக்காத, யோகா பண்ணு, கோதுமைய நிறுத்திப் பாரேன்" என்கிறாள், பேசிக்கொண்டே அந்தப் பக்கம் தன் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருப்பது கேட்கிறது, எனக்கான புத்திமதி இரண்டு வாய்க்கு நடுவில் கிடைக்கிற இடத்தில் வருகிறது. இதே டாக்டர் முதலில் விட்டமின் டி என்றார். வெயில் போதவில்லையாம். திருச்சியில் குடியிருந்துகொண்டு வெயில் போதவில்லை என்றால் யாரிடம் போய் வாங்கிக்கொண்டு வருவது? அந்த மாத்திரையையும் விழுங்கினேன். பி பன்னிரண்டு ஊசியையும் போட்டுக்கொண்டேன். இடுப்பு வலித்ததுதான் மிச்சம். காலையில் எழுந்திருக்கிறபோதே, யாரோ என்னை இரவெல்லாம் எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்க் கல் சுமக்க வைத்து விடியற்காலையில் கட்டிலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. தொண்டை காய்ந்து கிடக்கும், நெற்றிக்குப் பின்னால் ஒரு பாரம். எட்டு மணி நேரம் தூங்கினாய் என்கிறது கடிகாரம். யார் தூங்கினார்கள் என்று நான் கேட்கிறேன்.

அந்த இளநீர்க்காரன் ஒருத்தன்தான் கோமளத்தையும் டாக்டரையும் மாடி வீட்டம்மாவையும் மிஞ்சினான். சாலை ரோடு சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்திக் காலை ஊன்றியது ஞாபகம் இருக்கிறது, சிவப்பு விளக்கு ஞாபகம் இருக்கிறது, அப்புறம் நடுவில் ஒன்றுமே இல்லை, வெள்ளையாகக்கூட இல்லை, பின்னால் ஹாரன் அலறியது, நான் திடுக்கிட்டுக் கைப்பிடியை முறுக்கினேன், வண்டி ஓரமாக நின்ற தள்ளுவண்டியில் போய் முட்டியது. இளநீர்கள் குலை குலையாக உருண்டு ரோடெல்லாம் ஓடின, பஸ்ஸுக்கு அடியில்கூட ஒன்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவன் என்னைக் கைத்தாங்கலாகத் தூக்கிவிட்டு, முகத்தைப் பார்த்து, மூக்கைக் கிட்டே கொண்டுவந்து மோந்து, "என்னக்கா, காலைலயேவா?" என்றான். சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. பட்டுப் பாவாடை வயதிலிருந்து ஒருத்தர் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தது கிடையாது, சிரிக்க விட்டதில்லை நான். அன்றைக்கு ராத்திரியே இவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். இப்போதும் அந்தப் பையில்தான் இருக்கிறது, அவர் பேப்பரைப் புரட்டும்போது லேசாகச் சத்தம் கேட்கிறது. கோமளம் அதற்குள் தன் பையன் காலேஜுக்குப் போக வண்டி இல்லாமல் கஷ்டப்படுகிறான் என்று ஆரம்பித்துவிட்டாள், இவர் "டாக்டர் சொல்லட்டும், பாக்கலாம்" என்றிருக்கிறார். ஆக, இன்றைக்கு அந்த டாக்டர் எழுதுகிற சீட்டில் இரண்டு விஷயம் போகிறது. எனக்குப் புத்தி சரியில்லை என்பது ஒன்று. வண்டி உறையூருக்குப் போவது இன்னொன்று. அந்த வண்டி இல்லாவிட்டால் நான் எங்கே போகவும் "என்னங்க, கொஞ்சம் கொண்டு விடுறீங்களா" என்று இவர் சாப்பிட்டு முடிக்கிறவரை வாசலில் நிற்க வேண்டும். காய்கறிக்கு, லைப்ரரிக்கு, வேலை எதுவும் இல்லாமல் காவிரிப் பாலம்வரை போய்த் திரும்பி வருவதற்கு. கடைசியில் சொன்னதற்கு யாரைக் கொண்டு விடச் சொல்வது, காரணம் என்னவென்று சொல்வது? மாத்திரை தின்கிறவளுக்குக் காற்று எதற்கு என்பார்கள்.

கொட்டாவி வருகிறது. இந்தக் கவரை வாயில் வைத்து மறைத்துக்கொள்கிறேன், பழக்கம். சிஸ்டர் பெர்னதெத் கொட்டாவி விடுகிற பெண்ணை எழுந்து நிற்க வைப்பார். தையல் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஜன்னலில் வெயில் வெள்ளையாக நிற்கும், நாற்பது பெண்களும் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொக்குவோம். "வாய் என்பது சாப்பிடுவதற்கும் ஜெபிப்பதற்கும். மற்ற நேரமெல்லாம் மூடியிருக்க வேண்டும். நல்ல வீட்டுப் பெண் தூங்கும்போதுகூட வாயை மூடிக்கொண்டுதான் தூங்குவாள்." தூங்கும்போது தெரியாதே சிஸ்டர் என்று கேட்டது நான்தான், முட்டிபோட்டதும் நான்தான். ஆனாலும் பழகிவிட்டது. இத்தனை வயசுக்குப் பிறகும் படுத்தவுடன் உதட்டை ஒட்டிக்கொண்டுதான் கண்ணை மூடுகிறேன், விடிகிறபோது தொண்டை ஏன் காய்கிறது என்றுதான் தெரியவில்லை. அம்மாவுக்கும் காய்ந்ததா? கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அம்மா மாவு மில்லில் வரிசையில் நின்றபடியே தூங்கியிருக்கிறாள், அப்பா அதை வருகிறவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டுவார், குதிரை மாதிரி நின்னுக்கிட்டே தூங்குறாப்பா உங்கக்கா என்று மாமாக்களிடம் சொல்லிச் சிரிப்பார், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள், நானும் சிரித்தேன். சோம்பல் என்று எல்லாரும் முடிவு செய்த பிறகு ரத்தத்தில் புற்று என்று வந்தது. கண்டுபிடித்த கொஞ்ச நாளில் சிரிக்க ஆள் இருந்தது, அம்மா இல்லை. அதனால்தான் கவரைப் பிரித்தேன். முதலில் வெள்ளை அணுவைப் பார்த்தேன். நார்மல். போன மாதமும் நார்மல். அம்மாவுடையதும் ஆரம்பத்தில் நார்மல் என்றுதான் எழுதியிருக்குமோ, ஒரு கவரில் பிடிபடாத ஒன்று உள்ளே உட்கார்ந்து வளருகிறதோ, சைக்யாட்ரிஸ்ட் கொடுக்கிற மாத்திரையைச் சப்பிக்கொண்டு நான் சிரித்துக்கொண்டிருக்கும்போது அது பாட்டுக்கு, வேண்டாம், அந்தப் பக்கம் போக வேண்டாம். டிவியைப் பார். மாமியார் அழுகிறாள்.

முதல் தடவை வந்தபோது டாக்டர் வரிசையாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் இவர்தான் பதில் சொன்னார். எப்போதும் அப்படித்தான், எனக்குப் பல் வலி என்றாலும் எந்தப் பல் என்று இவர் சொல்வார். "பசி எடுக்குதாம்மா?" "நல்லா சாப்பிடுவா டாக்டர்." "எரிச்சல், கோபம்?" அதற்கு மட்டும் ஒரு சிரிப்பு, ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை, "அது கல்யாணத்துலேந்தே இருக்கு டாக்டர்." "தூக்கத்துல குறட்டை ஏதாவது உண்டா?" "சேச்சே, அதெல்லாம் கிடையாது, பூனை மாதிரி தூங்குவா." எனக்கு அந்த நிமிஷம் சுள்ளென்று வந்தது, அடுத்த அறையில் படுக்கிற மனுஷனுக்கு நான் பூனை மாதிரி தூங்குகிறேனா புலி மாதிரி தூங்குகிறேனா என்று எப்படித் தெரியும்? கேட்டிருப்பேன். எதற்குக் குடும்ப மானத்தை டாக்டர் மேஜையில் பரப்புவது என்று விட்டுவிட்டேன். தாரிணி கல்யாணமாகிப் போன கையோடு தலையணையை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனவர். முதுகுக்கு அந்தக் கட்டில்தான் வசதி என்றார். நானும் நம்பினேன், ஒரு வாரம். ஒரு வாரம் தாண்டி முதுகு சரியானது, தலையணை திரும்பவில்லை. எனக்குக் கர்ப்பப்பை எடுத்த வருஷம் அது, அதற்குப் பிறகு இடுப்பும் கழுத்தும் ஊதிக்கொண்டு போனது, கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை, அப்புறம் இவரைச் சொல்வானேன் என்று நானே கணக்கு முடித்துக்கொண்டேன். கேட்கவில்லை. கேட்டு, அவர் ஒரு பொய் சொல்லி, அந்தப் பொய்க்கு நான் தலையாட்ட வேண்டும், எதற்கு. தலைக்கு மை போட்டேன், பூப்போட்ட நைட்டி இரண்டு வாங்கினேன், மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது. என்னை நெருங்க எல்லாருக்குமே கொஞ்சம் பயம்தான், என் வாய் அப்படி. கோமளம் பெண் கல்யாணத்தில் மண்டபத்து ஹாலில் பெண்களெல்லாம் ஜமக்காளத்தில் நெருக்கியடித்துப் படுத்தோம், விடிந்து கண்ணைத் திறந்தால் என்னைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு ஒருத்தியும் இல்லை, எல்லாரும் அந்தக் கோடியில் அடைந்து கிடந்தார்கள், பெரிய அண்ணி என்று எனக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன், மனசுக்குள் கொஞ்சம் பெருமைகூட. தாரிணிகூட வந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் படுக்கிறாள், ஏசி ஒத்துக்கொள்ளவில்லையாம், புனே வீட்டில் ஏசி ஒத்துக்கொள்கிறது. போகட்டும். மாமியார் இன்னும் அழுகிறாள். வாளியில் சொட்டு. சொட்டு விழுகிறதற்கும் அடுத்த சொட்டு விழுகிறதற்கும் நடுவில் உள்ள இடம் நீண்டுகொண்டே போகிறது, உதட்டை ஒட்டிக்கொள், வசு, சிஸ்டர் பார்க்கிறார், நூல் ஊசிக்காதில் நுழையவில்லை, இளநீர் ஒன்று படியில் உருண்டு இறங்குகிறது, அம்மா நின்றபடி.

யாரோ என் முழங்கையைப் பிடித்து உலுக்குகிறார்கள். "யக்கா. யக்கா, எந்திரிங்க." கண்ணைத் திறந்தால் ஹாலில் இருக்கிற எல்லா முகமும் என் பக்கம். டிவியைப் பார்க்க வேண்டியவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். எதிரே ஒரு சின்னப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறது, அதன் அம்மா அதன் தொடையில் கிள்ளுகிறாள், கிள்ளிக்கொண்டே அவளும் உதட்டைக் கடிக்கிறாள். என் வாய் திறந்திருக்கிறது. மோவாயில் ஈரம். "என்னாச்சு?" என்றேன். தூக்குச்சட்டிக்காரி ஒளிவுமறைவு தெரியாதவள், "ஒண்ணுமில்லக்கா, கொறட்டைதான். எங்கூட்டுக்காரரே தோத்தாரு போங்க, ரைஸ்மில்லு கணக்கா. அதுகூடப் பரவால்ல, நடுவுல ஒரேயடியா நின்னுபோச்சு, மூச்சையே காணும், எனக்குப் பகீர்னுச்சு, அதான் உலுக்கினேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். நான் இந்தப் பக்கம் திரும்பினேன். என் பக்கத்து நாற்காலி காலி. இவர் அங்கே இல்லை. ஒரு நாற்காலி தள்ளிக்கூட இல்லை, இந்த மூன்றையும் விட்டுவிட்டு, ஒரு காலி இருக்கை இடைவெளி விட்டு, அடுத்த வரிசையின் கோடியில் உட்கார்ந்து பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருக்கிறார், தெரியாதவர் மாதிரி, நான் யாரோடோ வந்தவள் மாதிரி. எத்தனை சுலபமாக எழுந்து போயிருக்கிறார். ஒரு சத்தம் இல்லாமல், இரும்பு நாற்காலிகூட ஆடாமல். பழகிய கால். எத்தனையோ தரம் இப்படி எழுந்து போய்ப் பழகிய கால்.

தலையணை. முதுகு இல்லை, தலையணையை எடுத்துக்கொண்டு போனதற்கு முதுகு காரணம் இல்லை, என் இடுப்பும் கழுத்தும் காரணம் இல்லை, அந்த நைட்டிக்கும் எதற்கும் சம்பந்தமே இல்லை. மண்டபத்தில் யாரும் எனக்கு மரியாதை தரவில்லை, காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். புனேக்காரிக்கு ஏசி ஒத்துக்கொள்கிறது, அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. கோமளத்துக்குத் தெரியும், திருஷ்டி சுற்றினாளே, அவளுக்குத் தெரியும். மாடி வீட்டம்மாவுக்குத் தெரியுமோ என்னவோ, மாடிக்குக் கேட்கிறதோ என்னவோ. என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை ஊரே தெரிந்து வைத்துக்கொண்டு, கண்ணால் பேசிக்கொண்டு, எனக்கு யோகா சொல்லிக் கொடுத்திருக்கிறது. அழுகை வர வேண்டும், வரவில்லை, அவமானம்கூட இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது ஒரு கேள்வி, அந்த டாக்டர் கேட்ட கேள்வி. தூக்கத்துல குறட்டை ஏதாவது உண்டா. அவர் சும்மாவா கேட்டார்? பசியையும் கோபத்தையும் கேட்ட வரிசையில் அதையும் கேட்டார் என்றால் அதற்கும் இந்தப் பகல் தூக்கத்துக்கும் ஏதோ உண்டு. இவர் சேச்சே என்றார். பூனை என்றார். அந்தப் பூனையை நம்பித்தான் டாக்டர் என் ரத்தத்தை உறிஞ்சி உறிஞ்சித் தேடினார், வெயில் போதவில்லை என்றார், இடுப்பில் ஊசி போட்டார், நான் ரோட்டில் விழுந்தேன், ஒருத்தன் வாயை மோந்து பார்த்தான். இந்த மனுஷன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். நல்ல வீட்டுப் பெண். நல்ல வீட்டுப் பெண்ணைப் பற்றி அந்நிய ஆண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது, அசிங்கம். என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். என்னைக் காப்பாற்றவில்லை, மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்.

"வசுமதி தண்டபாணி!" என்று கவுண்ட்டரில் இருந்த பெண் கூப்பிட்டாள். இவர் பேப்பரை மடித்து எழுந்து வந்து, வழக்கம்போல எனக்கு முன்னால் நடந்தார். சாவிச் சத்தம். உள்ளே டாக்டர் கவரின் வாய் கிழிந்திருப்பதைப் பார்த்தார், கண்ணாடியை ஏற்றி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "எல்லாம் நார்மலா இருக்கே" என்றார், எனக்கு ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி. "நல்லதுதானே டாக்டர்" என்றார் இவர். "அப்ப நான் சொன்ன மாதிரி அவரையே ஒரு தடவை பாத்துருங்க. பயப்பட ஒண்ணும் இல்ல, இப்பல்லாம் சகஜம்" என்று டாக்டர் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். பேனா தாளைத் தொடுவதற்கு முன்னால் நான் என் கையைத் தாளின் மேல் வைத்துவிட்டேன். வளையல் மேஜையில் இடித்தது. "டாக்டர், முதல் நாள் வரிசையா கேட்டீங்களே, அதுல ஒரு கேள்விய மறுபடியும் கேளுங்க. குறட்டை உண்டான்னு. என்னைக் கேக்காதீங்க, தூங்குறவளுக்கு எப்படித் தெரியும். இவரைக் கேளுங்க." டாக்டர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "வசு, என்ன இது, பப்ளிக்ல" என்றார் இவர் தணிந்த குரலில். "பப்ளிக்ல கேட்டாச்சுங்க. வெளில ஒரு ஹாலே கேட்டாச்சு. நீங்க எழுந்து போனதையும் பாத்தாச்சு. டாக்டர் ஒருத்தருக்குத்தான் பாக்கி, அவருக்கும் சொல்லிடுங்க."

இவர் மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார்?" என்றார் டாக்டர். "உண்டுதான்" என்றார் இவர். "பலமாவா?" "பலமாத்தான்." டாக்டர் பேனாவை மூடினார், நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார், எனக்கு நோய் வந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த முகத்தில் ஓர் ஆர்வம். "நடுவுல மூச்சு நின்னு, அப்புறம் திணறி எடுத்து, அந்த மாதிரி?" இவர் பேசினார், யாரோ அடைப்பை எடுத்துவிட்ட மாதிரி. "நின்னுரும் டாக்டர். ராத்திரி பூரா நின்னு நின்னு வரும். எனக்கு அந்தச் சத்தம்கூடப் பரவால்ல, நிக்கிறதுதான் முடியல. பக்கத்துல படுத்தா அடுத்த மூச்சு எப்ப வரும்னு எண்ணிக்கிட்டே கிடக்கணும். அதான் அந்த ரூமுக்குப் போனேன். அங்க போயும் தூக்கமில்ல. கேக்கும். சத்தம் நின்னுச்சுன்னா எழுந்து வந்து கதவுகிட்ட நிப்பேன். மறுபடி வந்ததும் போய்ப் படுத்துருவேன்." "ஏன் சார் அன்னிக்கே சொல்லல?" "பொம்பளைங்க விஷயம். அவ கான்வென்ட்ல படிச்சவ. ஒரு சொல் தப்பா வந்தாலே தாங்க மாட்டா. இதைப் போய் எப்படி டாக்டர் சொல்றது?" டாக்டர் மடமடவென்று சொல்லிக்கொண்டு போனார், தொண்டை தளர்ந்து மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்கிறது, அதனால் ராத்திரியெல்லாம் மூளை உங்களை எழுப்பிக்கொண்டே இருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியாது, நீங்கள் தூங்கவே இல்லை அம்மா, அதுதான் பகலில் விழுகிறீர்கள், ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் ஒயர் மாட்டிப் படுக்க வைத்துப் பார்த்துவிடலாம், மூக்கில் வைத்துக்கொள்கிற மெஷின் இருக்கிறது, அதுவரைக்கும் வண்டி மட்டும் வேண்டாம், சரியான பிறகு தாராளமாக ஓட்டலாம். தாராளமாக ஓட்டலாம் என்றதும் இவர் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது, எடுக்கவில்லை, தொட்டது.

கதவுகிட்ட நின்றாராம். அந்தக் கதவு எனக்குத் தெரியும், கீழ்க்கீல் துருப்பிடித்தது, நிலையில் தாரிணி உயரம் குறித்த பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கோடுகளில் சாய்ந்துகொண்டு இந்த மனுஷன் இருட்டில் நின்றிருக்கிறார், என் மூச்சு வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டு, இத்தனை வருஷம். இந்தப் பக்கம் நான், இனிமேல் என்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு உதட்டை ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறேன். உருகிப் போக வேண்டுமா நான் இதற்கு? கோமளம் உருகுவாள், ஊரெல்லாம் சொல்வாள், எங்க அண்ணன் மாதிரி உண்டா என்பாள். நின்றதற்குப் பதிலாக உள்ளே வந்திருக்கலாம். நாலு எட்டு. தோளைத் தட்டி, வசு, உனக்கு மூச்சு நிக்குது, எழுந்திரு என்று சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன், சத்தியமாகக் கத்தியிருப்பேன், யாருக்குக் குறட்டை என்று தலையணையைத் தூக்கி எறிந்திருப்பேன், அதற்குப் பயந்து வாசலில் நின்று, மூச்சு திரும்பி வந்ததும் நல்ல பிள்ளையாகப் போய்ப் படுத்திருக்கிறார். ஒரு ராத்திரி அது திரும்பாமல் போயிருந்தால்? அப்போதும் பூனை மாதிரி போனாள் என்றுதான் சொல்லியிருப்பார். கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, எப்போதிலிருந்து நின்றீர்கள், பனியிலும் நின்றீர்களா, ஒரு தரமாவது உள்ளே வரக் காலை எடுத்தீர்களா. இவர் இன்னும் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் எத்தனையோ வருஷமாகக் கேட்கக் காத்திருந்த பேச்சு அது, எனக்குத்தான் அதைக் கேட்க முடியவில்லை, கண் இழுக்கிறது, குரல் தூரமாகப் போகிறது, அடிவயிற்றிலிருந்து ஒரு கொட்டாவி கிளம்பித் தாடையைப் பிளந்துகொண்டு வருகிறது. இவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பதறிப்போய் என்னைப் பார்க்கிறார், டாக்டர் எதிரில், வாயை மூடு என்று கண்ணால் சொல்கிறார். கை என் மடியிலேயே கிடக்கிறது. நான் மூடவில்லை.